போத்தல் வைட்டமினும் புற்றுநோயும்

(நமது சங்கத்தின் உடல்நல மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





நாங்கள் மருத்துவர்கள் அல்லர். அண்ணன் தம்பிகள் மூவர் சேர்ந்து கடை நடத்துகிறோம். பேச வந்திருப்பவரின் படிப்பு பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம், அதுவும் மின்னணுவியலில். பிறகு எதற்கு இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். வாப்பா காலத்தில் தேனும் பேரீச்சம்பழமும் கருஞ்சீரகமும் இருந்த அதே அலமாரியில் இன்று வைட்டமின் போத்தல்களை அடுக்கி விற்கிறோம். விற்கிறவனுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தோம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு மாமா, டாக்சி ஓட்டியவர். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். "அதை விட முடியல தம்பி, இதாவது நெஞ்சைக் காப்பாத்தட்டும்" என்று பீட்டா கரோட்டின் போத்தலை வாங்கிப் போவார். கேரட்டுக்கு நிறம் தரும் சத்து அது. உடலுக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறுவது. "நல்லதுதான் மாமா" என்று சொல்லித் தள்ளுபடியும் கொடுத்தோம்.

ஒருநாள் புதுச் சரக்கைப் பிரித்து அடுக்கும்போது தம்பி ஒரு லேபிளைப் படித்தார். புகைபிடிப்பவர்கள் இதை உட்கொள்ள வேண்டாம் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அன்றிரவு கடை சாத்திய பிறகு மூவரும் உட்கார்ந்து தேடிப் படித்தோம்.

காய்கறி, பழம் நிறைய உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. அப்படியானால் அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம். பின்லாந்தில் 1985இல் தொடங்கி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். முடிவு 1994இல் வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதல்! குறையவில்லை ஐயா, கூடியிருந்தது.

தற்செயலாக இருக்கும் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் நடந்த சோதனையிலும் 28 விழுக்காடு கூடுதல். குறித்த காலத்துக்கு முன்பே, 1996இல், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது கேரட் கெட்டதா? இல்லை. கேரட் உண்பவர் கேரட் மட்டும் உண்பதில்லை. கீரையும் பழமும் உண்பவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவராகவும் இருப்பார். இரத்தத்தில் இருந்த அந்தச் சத்து நல்ல வாழ்க்கையின் அடையாளமாக இருந்திருக்கலாம். காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை. அதைத் தனியே பிரித்து, பெரிய அளவில், புகை படிந்த நுரையீரலுக்குள் அனுப்பினால் அது சிதைந்து வேறு விதமாக வேலை செய்கிறது என்பது ஒரு விளக்கம்.

சீனாவின் லின்சியன் வட்டாரத்தில் கதை வேறு. அங்கு மக்கள் சத்துக்குறைவில் இருந்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது இரைப்பைப் புற்றுநோயால் இறப்பது குறைந்தது. 1993இல் வந்த முடிவு இது. எங்களுக்கு இது கடைக் கணக்காகத்தான் புரிந்தது. அரிசி தீர்ந்த கடைக்கு மூட்டை இறக்கினால் பிழைக்கும். நிறைந்த கிடங்கில் மேலும் மேலும் இறக்கினால் நடக்க வழியிருக்காது.

வைட்டமின் ஈ மாத்திரையை நாளுக்கு 400 யூனிட் உண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது என்று 2011இல் அறிவித்தார்கள். வைட்டமின் டி? 25,871 பேரிடம் சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் வருவது குறையவில்லை. எலும்புக்காக மருத்துவர் கொடுத்திருந்தால் உண்ணுங்கள், அது வேறு விஷயம்.

இங்கே சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரை விற்க, மருந்துக்கு வாங்குவதுபோல முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு விற்பவர்களுடையது. அதாவது எங்களுடையது.

மாமா வந்தபோது நடந்ததைச் சொன்னோம். பிரிக்காத போத்தலுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் காசை எண்ணவில்லை. "அப்ப போன வருஷம் முழுக்க நீங்க கொடுத்தது?" என்றார். மூவருமே வாய் திறக்கவில்லை. அவர் இன்னும் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ் நலமாக இருக்கிறார். சிகரெட்டும் இருக்கிறது, பாதி பாக்கெட்டாக. அவருக்குச் சலாம் சொல்லும்போதெல்லாம் அந்தக் கேள்வி எங்களுக்கு நினைவுக்கு வரும்.

இப்போது "புகைபிடிப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போத்தலை எடுத்துக் கொடுக்கிறோம். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, அவர்களின் மருத்துவர் சரி என்று சொல்லாமல் எதையும் விற்பதில்லை.

வீட்டில் இருக்கும் போத்தல்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பின்வரிசையில் பல பைகள் தெரிகின்றன. தேநீர் வேளையில் வாசல் மேசைக்கு வாருங்கள். பூதக்கண்ணாடி கொண்டு வந்திருக்கிறோம், லேபிளைச் சேர்ந்து படிப்போம். வஸ்ஸலாம்.