நாவலும் அதன் காலமும்: டிக்கன்ஸின் 'ஹாட் ரைம்ஸ்'



ஒரு நாவலை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்குவது நமக்குப் பழக்கமான முறை. பேராசிரியர் க. கைலாசபதி போன்றோரின் எழுத்துகளால் அது நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. ஆயினும் வகுப்பறையில் இம்முறை பெரும்பாலும் ஒரு வாய்பாடாகச் சுருங்கிவிடுகின்றது. நாவல் தன் காலத்தைப் பிரதிபலிக்கின்றது என்று எழுதி, நான்கு ஆண்டுகளையும் இரண்டு சட்டங்களையும் அடுக்கிவிட்டால் விடை முடிந்தது. வரலாற்றுப் பின்னணி உண்மையில் எதற்குப் பயன்படும் என்பதைச் சாள்ஸ் டிக்கன்ஸின் 'ஹாட் ரைம்ஸ்' நாவலைக் கொண்டு இன்று பார்ப்போம்.

'துன்ப காலம்' எனப் பொருள்படும் இந்நாவல், 1854 ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை 'ஹவுஸ்ஹோல்ட் வேட்ஸ்' வார இதழில் தொடராக வெளிவந்தது. அவ்விதழின் ஆசிரியரும் டிக்கன்ஸே. கோக்ரவுண் என்னும் கற்பனை ஆலை நகரமே கதையின் களம். அங்கே கிரட்கிறைண்ட் என்பவரின் பள்ளியில் தகவல்களுக்கு மட்டுமே இடமுண்டு. குதிரைச் சாகசக்காரரின் மகளான சிஸி, குதிரைகளோடு வளர்ந்தவள். குதிரை என்றால் என்னவென்று வரையறுக்கும்படி கேட்டதும் அவள் திகைத்து நிற்கிறாள். பிற்சர் என்ற மாணவனோ நாற்கால் விலங்கு, 40 பற்கள் என்று மளமளவென ஒப்புவிக்கிறான்.

இக்காட்சி வெறும் கேலியன்று. பெந்தமின் பயன்பாட்டுவாதம் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. 1846 இல் அரசு ஆசிரியப் பயிற்சிக்கென ஒரு திட்டம் வகுத்திருந்தது. ஒரே ஆலையில் ஒரே வேளையில் வார்த்தெடுத்த பொருள்போல டிக்கன்ஸ் காட்டும் ஆசிரியர், அத்தகைய புதிய பயிற்சியின் விளைவு. பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய நான் இப்பகுதியைச் சற்றுச் சங்கடத்தோடுதான் படிப்பதுண்டு.

பின்னணி இங்கே நாவலை விளக்குகின்றது. ஆனால் நாவலைக் கேள்வி கேட்கும் பின்னணியும் ஒன்று உண்டு.

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பிறெஸ்ரன் அன்று ஒரு பஞ்சாலை நகரமாக இருந்தது. முன்னர் குறைக்கப்பட்ட கூலியில் 10 வீதத்தைத் திரும்பத் தருமாறு அங்குள்ள தொழிலாளர் கேட்டனர். 1853 ஒக்ரோபரில் முதலாளிமார் ஆலைகளைக் கதவடைப்புச் செய்தனர். சுமார் 20 ஆயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். 1854 ஜனவரி இறுதியில் டிக்கன்ஸ் நேரில் அங்கு சென்றார். தாம் கண்டதை அடுத்த மாதமே தம் இதழில் கட்டுரையாக எழுதினார். தொழிலாளரின் அமைதியும் ஒழுங்கும் அக்கட்டுரையில் மதிப்போடு பதிவாகியுள்ளன. கூட்டமொன்றில் ஒருவர் அனல் பறக்கப் பேசத் தொடங்குகிறார். தலைவர் அவர் தோளில் மெல்லக் கை வைத்து நிறுத்திவிட்டு, கூட்டத்தை எடுத்த காரியத்துக்குத் திருப்புகிறார்.

இரண்டு மாதத்துள் தொடங்கிய நாவலில் நிலைமை வேறு. தொழிற்சங்கம் இருக்கின்றது, வேலைநிறுத்தம் இல்லை. அந்த அனல் பேச்சாளர் ஸ்லக்பிறிட்ஜ் என்ற பெயரில் கேலிச்சித்திரமாக வருகிறார். கூட்டத் தலைவரும் வருகிறார். ஸ்ரீபன் என்ற நேர்மையான நெசவாளி பேசுவதற்கு இடமும் வாங்கிக் கொடுக்கிறார். ஆயினும் முடிவில் எடுபடுவது ஸ்லக்பிறிட்ஜின் பக்கமே. சங்கத்தில் சேர மறுத்த ஸ்ரீபனைத் தோழர்கள் முகம் பார்த்துப் பேசாமல் ஒதுக்கிவைக்கின்றனர்.

ஸ்ரீபன் ஏன் சேரவில்லை? ரேச்சலுக்குக் கொடுத்த வாக்கு என்கிறான். அது என்ன வாக்கு என்பது நாவலில் தெளிவாக இல்லை. அச்சுக்குப் போகுமுன் நீக்கப்பட்ட ஒரு பகுதியில் அதற்கு விடை இருந்தது. ரேச்சலின் தங்கை ஆலை இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்தவள். அதனால் கொதித்தெழுந்த ஸ்ரீபனிடம், இத்தகைய விடயங்களில் தலையிடாதே என்று ரேச்சல் வாக்கு வாங்கியிருந்தாள். இயந்திரங்களுக்குக் காப்பு வேலி இடவேண்டும் என 1844 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியும் விபத்துகள் ஓயவில்லை. நாவல் வந்துகொண்டிருந்த அதே ஏப்ரலில், அதே இதழில், ஹென்றி மோர்லி இவ்விபத்துகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கட்டுரையில் இருந்த இரத்தம் நாவலில் இல்லாமற் போயிற்று. ஸ்ரீபனின் மறுப்பும் காரணமற்ற பிடிவாதமாகத் தோன்றுகின்றது.

தனித்த ஓர் ஏழைக்காக மனம் உருகிய டிக்கன்ஸ், ஏழைகள் ஒன்றுகூடியபோது அஞ்சினார் என்பதே என் கருத்து. கட்டுரை எழுதிய கண்ணை நாவல் எழுதிய அச்சம் மறைத்தது.

அக்காலத்தில் வேறு விதமாக எழுத முடியாதா என்று கேட்கலாம். முடிந்தது. 1854 செப்ரெம்பரில் அதே இதழில் எலிசபெத் காஸ்கெலின் 'நோத் அன்ட் சவுத்' தொடங்கியது. அவர் மன்செஸ்ரரில் தொழிலாளரிடையே வாழ்ந்தவர். அவருடைய ஹிகின்ஸ் சங்கத்தின் உறுதியான ஆள், கோபக்காரன், சிந்திப்பவன். சங்கத்தின் கெடுபிடிகளையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு ஒரு நியாயம் உண்டென்பதை ஹிகின்ஸின் வாயாலேயே கேட்கச் செய்கிறார்.

இதனால் 'ஹாட் ரைம்ஸ்' சிறுத்துப்போய்விடாது. கிரட்கிறைண்டின் கல்வி அவருடைய பிள்ளைகளின் வாழ்வையே பாழாக்குவதைக் காட்டும் பகுதிகள் இன்றும் நெஞ்சைச் சுடுகின்றன. ஆசிரியர் கண்டவற்றுள் எதை எழுதினார், எதை விட்டார், எதை மாற்றினார் என்று மாணவர் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. பின்னணியை அறிவது அதற்காகவே. அந்தக் கேள்வி இல்லாமல் ஆண்டுகளை மட்டும் ஒப்புவிக்கும் மாணவன், குதிரைக்குப் பல் எண்ணிய பிற்சரின் வாங்கிலேதான் அமர்ந்திருக்கிறான். அவனை அங்கே அமர்த்துபவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.