கையெழுத்துப் போட்டது யாரு?

நடுவர் அவர்களே! ‘உறவைச் சேர்த்து வைப்பது பணமே’ன்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசினார். புதுச்சேரி மேடையில அப்படிச் சொல்லலாமா? 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இருக்கிற ஊர் இது. பிரெஞ்சுக் குடிமகனான அந்த வீட்டுப் பிள்ளை மனைவியைப் பிரான்சுக்கு அழைச்சா, இவ்வளவு சம்பளம் இருக்கணும்னு சட்டம் நிபந்தனை போடறதில்லை!

அமெரிக்கா போடுது, ஒத்துக்கறேன். கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து அம்மாவை அழைச்சுக்கிற மகன், அரசாங்கம் அறிவிக்கிற வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது காட்டணும். வர்ற அம்மாவையும் ஒரு தலையாச் சேர்த்துத்தான் கணக்கு. கூட்டுக் குடும்பத்தை நாம மறந்தாலும் அவன் மறக்கலை! (சிரிப்பு)

சம்பளம் பத்தலைன்னா? இன்னொருத்தர் கூட்டுப் பொறுப்பாளராக் கையெழுத்துப் போடலாம். அவர் சொந்தக்காரரா இருக்கணும்னு அவசியமே இல்லை. ஆனா அந்தக் கையெழுத்து லேசில விடாது. வந்தவர் குடியுரிமை வாங்கும் வரை, இல்லேன்னா 40 காலாண்டு வேலைக்கணக்கு சேரும் வரை பொறுப்பு. அறுபத்தஞ்சு வயசு அம்மா எந்த வேலைக்குப் போவாங்க? ஏழைகளுக்கான அரசு உதவி வாங்கினா, அந்தச் செலவை இவர்கிட்டயே கேட்கலாம். ஒரு காசு லாபமில்லாம, சிநேகிதனோட அம்மாவுக்காக ஒருத்தர் அதில் கையெழுத்துப் போடறாரே, எதிரணி நண்பரே, அதுக்குப் பேரு பணமா? (கைதட்டல்)