பனிக்காலமும் நவரை நெல்லும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பனி என்ற சொல் ஒன்றுதான். ஊருக்கு ஊர் அதன் வேலை வேறு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் கடுங்குளிர். உறைபனி வயலை மூடிவிடும். அங்கே ஆண்டுக்கு ஒரு போகம்தான் நெல். அதே நாட்களில் நாம் நவரைக்கு நாற்று விடுகிறோம். நம் பனி வயலை மூடுவதில்லை, இலையை நனைக்கிறது. குலைநோய்க்கு வழி திறப்பது இந்த ஈரமே.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. மழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. மேகம் இல்லாததால் இரவில் நிலத்தின் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. குளிர்ந்த இலைமீது காற்றின் ஈரம் துளியாகப் படிகிறது. மாமல்லபுரக் கரையோரத்தில் கடல் இரவுக் குளிரைத் தணிக்கும். உள்ளே மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் குளிர் சற்றுக் கூடுதல்.

இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கி, இலையும் பல மணி நேரம் நனைந்திருந்தால் குலைநோய்ப் பூசணம் எளிதில் முளைக்கும். முதலில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கதிர் வந்தபின் தாக்கினால் கழுத்து கருகி ஒடியும், மணி பதராகும். ஏரி நீரையும் கிணற்று நீரையும் நம்பிச் செய்த செலவெல்லாம் அந்தக் கழுத்தோடு போய்விடும். ஆகவே முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

1. நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள். கோ 51 இரகம் இந்நோயை ஓரளவு தாங்கும்.

2. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.

3. குளிரில் நாற்று மெதுவாகத்தான் வளரும். அதைக் கண்டு யூரியாவை அள்ளி வீசாதீர்கள். தழைச்சத்து மிகுந்த பயிரையே நோய் முதலில் பிடிக்கும்.

4. நடவு வயலில் தழைச்சத்தைப் பிரித்து, இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுங்கள். புள்ளி கண்டால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள்.

5. வரப்புப் புல்லை அகற்றுங்கள். நோய் அதிலும் தங்கும்.

6. மருந்து தெளிக்க நேர்ந்தால், இலையில் பனி காய்ந்தபின் தெளியுங்கள்.

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள் பெரியோர். மார்கழியில் விதைத்த நவரை கதிர் விடுவதும் அந்த மாசியில்தான். அதுவரை நாள்தோறும் காலையில் வயலைச் சுற்றி வாருங்கள். ஒரு புள்ளி கண்டாலும் அன்றே வேளாண் அலுவலரிடம் காட்டி, பயிரைக் காத்துப் பயன்பெற வேண்டுகிறேன்.