பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

(மும்பை தாராவியில் ஓர் எழுத்தறிவு மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று நம் வியாபாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் கையில் இருக்கும் போனைப் பற்றியும் பேசப் போகிறேன். இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

நீங்கள் எல்லோரும் தொழில் செய்கிறவர்கள். சிலர் இட்லி விற்கிறீர்கள். சிலர் தோல் பை தைக்கிறீர்கள். சிலர் காய்கறிக் கடை வைத்திருக்கிறீர்கள். 2016-ல் நம் நாட்டில் யுபிஐ வந்தது. இன்று ஒரு தட்டு இட்லிக்கும் போனில் பணம் வருகிறது. சில்லறைத் தொல்லை குறைந்தது. இது நல்லதுதான். ஆனால் நம் கல்லாப்பெட்டி போனுக்குள் போய்விட்டது. கல்லாப்பெட்டி போன இடத்துக்குத் திருடனும் வந்துவிட்டான்.

முதலில் ஒரு கதை சொல்கிறேன். இது என் வீட்டில் நடந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வந்த ஆர்டர்

என் அம்மா வீட்டில் இட்லி அவிக்கிறார். என் அண்ணன் விடியற்காலையில் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறான். ஒரு நாள் மாலை அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் இந்தியில் பேசினான். தன்னை ராணுவ அதிகாரி என்று சொன்னான். "நாளைக் காலை 400 இட்லி வேண்டும். முன்பணம் இப்போதே தருகிறேன்" என்றான்.

400 இட்லி என்றால் சும்மாவா? அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அவன் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பினான். "இதை ஸ்கேன் செய்து 1 ரூபாய் போடுங்கள். 2 ரூபாய் திரும்பி வரும். கணக்குச் சரியா என்று பார்க்கத்தான்" என்றான். அம்மா போட்டார். 2 ரூபாய் வந்தது. அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த படம் வந்தது. அம்மா ரகசிய எண்ணைப் போட்டார். 6,500 ரூபாய் போய்விட்டது. "ஏதோ தவறு நடந்துவிட்டது. இன்னொரு முறை போடுங்கள். எல்லாம் சேர்ந்து வரும்" என்றான். இன்னும் 4,900 ரூபாய் போயிற்று. மொத்தம் 11,400 ரூபாய். அது அரிசிக்கும் உளுந்துக்கும் வைத்திருந்த பணம்.

"இன்று லைன் சரியில்லை. காலையில் எல்லாப் பணத்தையும் கையில் தருகிறேன்" என்று அவன் சொன்னான். அம்மா அதையும் நம்பினார். இரவு முழுவதும் தூங்கவில்லை. 400 இட்லியும் அவித்தார். காலையில் யாரும் வரவில்லை. அந்த எண்ணும் அணைந்து கிடந்தது.

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. வெட்கப்பட்டார். இட்லியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். "ஆர்டர் தள்ளிப்போய்விட்டது" என்று எங்களிடம் சொன்னார். மூன்றாம் நாள் அரிசிக்கடைக்காரர் பாக்கி கேட்டு வந்தார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசினோம். அதற்குள் அவர்கள் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

தவறு யாருடையது? திருடியவன் மேல்தான் குற்றம். ஆனால் என் மேலும் ஒரு குறை உண்டு. அம்மாவுக்குப் போன் பழக்கியது நான்தான். "இந்தப் பொத்தானை அழுத்து, பிறகு இந்த எண்ணைப் போடு" என்று சொல்லிக் கொடுத்தேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரியவர்களும் ஏமாறுகிறார்கள்

எழுத்துத் தெரியாததால்தான் இப்படி நடக்கிறது என்று நினைக்காதீர்கள். புனேயில் காஸ்மாஸ் வங்கி இருக்கிறது. 2018 ஆகஸ்டில் திருடர்கள் அந்த வங்கியின் கணினிக்குள் நுழைந்தார்கள். சுமார் 94 கோடி ரூபாயை எடுத்தார்கள். அங்கே படித்தவர்கள் இல்லையா?

நமக்கு அருகில் நவி மும்பையில் ஜவஹர்லால் நேரு துறைமுகம் இருக்கிறது. 2017 ஜூன் மாதம் உக்ரைன் நாட்டில் ஒரு கணினி வைரஸ் கிளம்பியது. அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் கணினிகள் முடங்கின. சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை தடைப்பட்டது.

சிறிய கடைகளையும் திருடர்கள் விடுவதில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோ ஊரில் என்ன நடந்தது? இரவோடு இரவாகச் சில கடைகளில் கியூஆர் அட்டைகளின் மேல் வேறு கியூஆர் தாளை ஒட்டிவிட்டார்கள். பெட்ரோல் பங்க்கையும் விடவில்லை. வாடிக்கையாளர்கள் பணம் போட்டார்கள். பணம் திருடனின் கணக்குக்குப் போயிற்று.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம். ஸ்கேன் செய்யவும் வேண்டாம். ரகசிய எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டு. ரகசிய எண்ணைப் போடும் முன் திரையைப் படியுங்கள். யாருக்குப் பணம் போகிறது? பெயர் இருக்கும். எவ்வளவு போகிறது? தொகை இருக்கும். 'செலுத்து' என்று இருந்தால் 'கொடு' என்று பொருள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். மெதுவாகப் படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அவசரப்படுத்துகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று. வாடிக்கையாளர் தன் போனைக் காட்டி, "பணம் போட்டுவிட்டேன்" என்பார். அதை மட்டும் நம்பாதீர்கள். பொய்யான திரையைக் காட்டுகிறவர்களும் உண்டு. நம் போனில் நம் கணக்கைப் பாருங்கள். பணம் வந்த பிறகு பொருளைக் கொடுங்கள்.

நான்கு. காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டையைப் பாருங்கள். மேலே வேறு தாள் ஒட்டியிருக்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள். வீட்டில் வேறொரு போன் இருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் பெயர் வர வேண்டும். இரவில் அட்டையை உள்ளே எடுத்து வையுங்கள்.

ஐந்து. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும். வங்கிக் கடிதம் என்று ஏதாவது வரும். 'இன்ஸ்டால் செய்' என்று கேட்டால் தொடாதீர்கள். அப்படி வந்து புகுந்தது, நம் போனுக்கு வரும் ஓடிபியைத் திருடிவிடும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லக் கூடாது.

ஆறு. எல்லாப் பணத்தையும் போனோடு சேர்ந்த கணக்கில் வைக்காதீர்கள். அன்றாட வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். சேமிப்பை வேறு கணக்கில் வையுங்கள்.

ஏழு. வரவு செலவையும் கடன் பாக்கியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போன் கெட்டுப் போகலாம். காணாமலும் போகலாம். நோட்டு இருந்தால் கணக்கு இருக்கும். எழுதத்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!

ஏமாந்துவிட்டால்?

உடனே 1930-க்குப் பேசுங்கள். இது நாடு முழுவதற்கும் ஒரே எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தகவல் போனதும் வங்கிகள் பணத்தை நிறுத்தி வைக்க முயலும். பணம் இன்னும் திருடனின் கணக்கில் இருந்தால் நிறுத்தலாம். அவன் எடுத்துவிட்டால் கஷ்டம். அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, எத்தனை மணிக்குப் பணம் போனது, எவ்வளவு போனது என்று எழுதி வையுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

வெட்கப்படாதீர்கள். வீட்டில் திருடன் புகுந்தால் கூச்சல் போடுகிறோம். அதுபோல் இதற்கும் கூச்சல் போட வேண்டும். என் அம்மா அன்றே சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமாவது கிடைத்திருக்கலாம்.

அம்மா இப்போது இந்த வகுப்புக்கு வருகிறார். அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் இன்னொரு போன் வந்தது. இந்த முறை 300 இட்லி ஆர்டர். அவனும் ஒரு படம் அனுப்பினான். அம்மா ஸ்கேன் செய்யவில்லை. "முன்பணத்தை நேரில் கொண்டு வா, அப்பா. பிறகுதான் அரிசி ஊறப் போடுவேன்" என்றார். அவன் போனை வைத்துவிட்டான்.

இப்போது எல்லோரும் நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்: 1930. அதன் கீழே எழுதுங்கள்: பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.