கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் கல்வி



கம்ப்யூட்டர் வாங்கப் பணமில்லாத பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கல்வி எப்படி நடக்கும் என்று கேட்கிறார்கள். பாத்திரம் வாங்கிவிட்டால் சமையல் வந்துவிடுமா என்று நாம் கேட்கின்றோம். யந்திரம் வேறு, அதற்குள்ளிருக்கும் யோசனை வேறு. யந்திரத்திற்குப் பணம் வேண்டும். யோசனைக்கு அட்டைத் துண்டு போதும்.

இது நமது கற்பனையல்ல. நியூசிலாந்து தேசத்துக் காண்டர்பரி சர்வகலாசாலையைச் சேர்ந்த டிம் பெல் என்பவரும், இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் என்பவர்களும் சேர்ந்து, சீட்டும் விளையாட்டும் கொண்டே இவ்வித்தையைக் கற்பிக்கும் முறைகளை வகுத்து, 1998-ல் புத்தகமாக்கினார்கள்.

அதில் ஒன்றைக் கேளுங்கள். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான 25 அட்டைகளை, வரிசைக்கு ஐந்தாக ஒரு பையன் தன் இஷ்டப்படி பரப்புகிறான். உபாத்தியாயர், "இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்" என்று 11 அட்டைகளைச் சேர்த்து வரிசைக்கு ஆறாக்குகிறார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், ஒரு பெண் ஏதேனும் ஓர் அட்டையைப் புரட்டி வைக்கிறாள். உபாத்தியாயர் திரும்பிப் பார்த்து, "இதுதான்" என்கிறார்!

இதோடு நிறுத்தினால் அவர் மந்திரவாதி. காரணத்தை விளக்கினால்தான் உபாத்தியாயர். அவர் சேர்த்த அட்டைகளால் குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் கறுப்பு இரட்டைப்படையாகிவிட்டது. ஒன்றைப் புரட்டினதும் ஒரு குறுக்கும் ஒரு நெடுக்கும் ஒற்றைப்படையாகின்றன. இரண்டும் சந்திக்கும் இடமே புரட்டின அட்டை. சரி, இரண்டு அட்டைகளைப் புரட்டினால்? தவறு நேர்ந்தது தெரியும். இடம் நிச்சயமாய்த் தெரியாது. இம்முறையின் சக்தியும் எல்லையும் இவ்வளவே.

இதைப் போன்ற கணக்குகளைக்கொண்டுதான் கம்பி வழியே போகும் செய்தியில் பிழை நேர்ந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கின்றது. புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள 13 இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் முந்தின 12 இலக்கங்களைச் சரிபார்க்கும் காவல்காரனே.

இதனால் என்ன லாபம் என்பீர்கள். ஒரு கிழவி தன் பேர் ஜாபிதாவில் ஏன் இல்லை என்று கேட்டால், "கம்ப்யூட்டர் ஒப்பவில்லை அம்மா" என்று குமாஸ்தா கையை விரிக்கிறார். அவளும் விதியென்று திரும்பிவிடுகிறாள். அட்டை விளையாடின பேத்தி கூட இருந்தால், "எந்த விதிப்படி ஒப்பவில்லை? அந்த விதியை எழுதின மனிதர் யார்?" என்று கேட்பாளல்லவா?

கம்ப்யூட்டர் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்கு அட்டை, பணக்காரப் பிள்ளைக்கு யந்திரம் என்று யாரேனும் பிரித்தால் அதையும் கண்டிப்போம். யந்திரத்தைக் கேட்டுக்கொண்டேயிருங்கள், அது வரும்வரை பிள்ளைகளின் மூளையைக் காக்க வைக்காதீர்கள். 36 அட்டைத் துண்டுகளை வெட்டி, நாளைக்கே தொடங்குங்கள்.