நாவும் நுரையீரலும்

மார்கழி மாதத்துக் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் உலாவுகிறவர்கள் வாயைத் திறந்தால் வெண்புகை வெளிவருகிறது. அதைக் கண்டு சிறுவர்கள், தாமும் சிகரெட் பிடிப்பதாகப் பாவனை செய்து விளையாடுவதுண்டு. அது வெறும் நீராவி; கணப்பொழுதில் மறைந்துவிடும். மின் சிகரெட் என்றும் வேப் என்றும் வழங்கும் கருவியிலிருந்து எழும் வெண்மேகத்தையும் அத்தகைய நீராவியே என்று இளைஞர் பலர் எண்ணிவிட்டனர். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சீன நாட்டு மருந்தியலாளரான ஹோன் லிக் என்பவர் 2003ஆம் ஆண்டளவில் இக்கருவிக்கு இன்றைய உருவத்தைத் தந்தார். ஒரு மின்கலம், சூடேறும் கம்பிச் சுருள், சிறிதளவு திரவம். இவ்வளவே அதன் உறுப்புக்கள். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நிகோட்டின், பழத்தின் மணமோ பலகாரத்தின் மணமோ தரும் இரசாயனங்கள் ஆகியவை அத்திரவத்தில் கலந்துள்ளன. கம்பி சூடேறியதும் திரவம் நுண்துளிகளாகிப் புறப்படுகிறது. அவ்வெப்பத்தில் அதன் ஒரு பகுதி சிதைந்து, பார்மால்டிஹைடு, அக்ரோலின் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாக மாறுகிறது. கம்பியிலிருந்து நிக்கல் போன்ற உலோகத் துகள்களும் உடன்செல்கின்றன.

"இவையெல்லாம் தின்பண்டங்களில் சேர்க்கும் பொருள்கள்தாமே?" என்று விற்பவர் வினவுவர். நாம் ஏமாறும் இடம் இதுவே. உண்ட பொருளைச் சீர்செய்ய இரைப்பையில் அமிலமும், அதற்கு அப்பால் கல்லீரலின் காவலும் உண்டு. நுரையீரலுக்கு அத்தகைய சமையற்கட்டு இல்லை. ஏறத்தாழ 30 கோடிச் சிற்றறைகள். அவற்றின் சுவரோ மயிரிழையினும் மிக மெல்லியது. மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் அசைந்து, தூசியையும் கோழையையும் மேலே தள்ளுகின்றன. அவற்றின் அசைவு தளர்ந்தால் கோழை தங்கும். இருமலும் இழுப்பும் தொடரும்.

டையசெட்டில் என்பது வெண்ணெயில் இயற்கையாகவே உள்ள ஒரு மணப்பொருள். தின்பவருக்கு அதனால் தீங்கில்லை. ஆயினும் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர் சிலரின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டமை 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. வேப் திரவங்கள் சிலவற்றிலும் இதே பொருள் காணப்பட்டது.

2019ஆம் ஆண்டில் அதே நாட்டில் நேர்ந்தது இன்னும் கொடியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் நுரையீரல் பாதிப்புற்று மருத்துவமனை சேர்ந்தனர். 68 பேர் மாண்டனர். 51 நோயாளிகளின் நுரையீரல் நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் பொருள் இருந்தது. மாத்திரையாகப் பலர் விழுங்கும் பொருள்தான் அது! நோயுற்றவருள் மிகப் பலர் கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தை உபயோகித்தவர்கள். ஆகையால் வேப் பிடிப்போர் அனைவருக்கும் அக்கதி நேரும் என்பது நியாயமன்று. கலப்படம் செய்தவர் யார், கலந்தது எது என்பது மட்டும் குடித்தவருக்குத் தெரியாமற்போயிற்று.

நம் நகரின் நிலையையும் பார்ப்போம். பெங்களூரில் டாக்டர் பரமேஷ் நடத்திய மருத்துவமனை ஆய்வில், 18 வயதுக்குட்பட்டோரில் ஆஸ்துமா கண்டவர்கள் 1979இல் நூற்றுக்கு 9 பேர், 1999இல் 29.5 பேர். தூசியிலும் வண்டிப்புகையிலும் ஏற்கெனவே இளைத்த மூச்சுக்குழாய்கள் இவை. மாம்பழ மணம் வீசினாலும் நிகோட்டின் நிகோட்டினே. பழக்கம் பிடித்தபின் விடுவது எளிதன்று.

கர்நாடக அரசு 2016இலேயே மின் சிகரெட்டைத் தடுத்தது. 2019இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. செய்தல், விற்றல், இறக்குமதி, விளம்பரம் அனைத்தும் குற்றம். முதற் குற்றத்திற்கு ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. எனினும் மறைவாக விற்பனை நடப்பதைப் பலரும் அறிவர். மறைவில் விற்கும் புட்டியைச் சோதிப்பார் எவருமிலர்.

சிகரெட்டை விடவே இதைப் பிடித்தோம் என்பாரும் உளர். அவர்களுக்கு வேறு வழி அருகிலேயே இருக்கிறது. புகையிலைப் பொட்டலங்களில் அச்சிட்டுள்ள 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். தென்னாட்டவருக்கான அதன் நிலையம் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் அமைந்தது; அங்கே தமிழிலும் பேசலாம்.