மணலில் எழுதிப் பழகிய பாதிரியார்



சீகன்பால்கு ஐயரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவரைப் பற்றிய மேடைகளில் அதிகம் கேட்கும் சொல் 'முதல்' என்பது. இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்டு ஊழியர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் முதலில் அச்சிட்டவர். இரண்டும் உண்மை. தமிழின் முதல் அச்சு நூலே அவருடையதுதான் என்றும் சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. இந்த முதல், இரண்டாவது கணக்கை இத்தோடு விடுகிறேன். 23 வயதில், உற்றார் உறவினர் யாருமில்லாத கரையில் இறங்கிய ஓர் இளைஞர் மறுநாள் விடிந்ததும் என்ன செய்தார்? அதற்கு மறுநாள் என்ன செய்தார்? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயும் போனார், தந்தையும் போனார். வயிற்று நோய் கடைசிவரை அவரை விடவில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்ற பேராசானிடம் சில காலம் படித்தார். உடம்பு இடம் கொடுக்காததால் படிப்பு அங்கங்கே அறுந்து போனது. அந்தச் சமயத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக், தன் ஆளுகைக்கு உட்பட்ட தரங்கம்பாடிக்கு ஊழியர்களை அனுப்ப ஆள் தேடினார். சீகன்பால்குவும் அவரைவிடச் சில ஆண்டு மூத்தவரான புளூட்சோவும் ஒப்புக்கொண்டார்கள். 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறியவர்கள் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடலிலேயே போய்விட்டது.

வந்த இடத்தில் வரவேற்பு எப்படி? அனுப்பியவர் மன்னர். ஆனால் தரங்கம்பாடிக் கோட்டையில் இருந்தவர்கள் டேனிஷ் வணிகக் கம்பெனிக்காரர்கள். மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்களுக்குப் பாதிரிகள் இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். உள்ளூர் மக்களிடம் போய்ப் பேசுவார்கள், அடிமைகளிடம் பேசுவார்கள், நடப்பதையெல்லாம் ஐரோப்பாவுக்கு எழுதுவார்கள் என்ற அச்சம். அரசர் கொடுத்த கடிதம் கையில் இருந்தும், தங்க இடமில்லாமல் வெயிலில் காத்து நிற்க வைத்தார்கள் இருவரையும்.

அடுத்த வேலை மொழி. துறைமுகத்தில் வெள்ளையரும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொள்ள ஒரு கலப்புப் போர்த்துகீசியம் வழங்கியது. புளூட்சோ அதைப் படிக்க எடுத்துக்கொண்டார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். இலக்கணப் புத்தகம் கையில் கிடையாது, அகராதி கிடையாது. அப்போது அவர் செய்த காரியம்தான் எனக்கு அவர்மேல் தீராத மதிப்பை உண்டாக்கியது. வயது முதிர்ந்த ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். அந்தப் பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் மணலில் விரலால் 'அ' எழுதியபோது அவரும் 'அ' எழுதினார். பல்கலைக்கழகம் பார்த்தவர், லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலால் மணலைக் கீறிக்கொண்டிருக்கிறார். பிறருக்குப் போதிக்க வந்தவர் எழுத்தறியாதவராக அமர்வதற்கு எவ்வளவு பணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாத்தியாருக்குத் தமிழ் தெரியும். ஆனால் எழுத்துக்கு என்ன பொருள், சொல்லுக்கு என்ன பொருள் என்று இவருக்குப் புரிகிற மொழியில் சொல்லத் தெரியாது. அங்கேதான் அழகப்பன் வருகிறார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசுவார். சீகன்பால்கு அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, பகலெல்லாம் கூடவே வைத்துக்கொண்டார். ஓராண்டு முடிவதற்குள் தமிழில் பேசவும் பிரசங்கம் செய்யவும் துணிந்துவிட்டார்.

அவருடைய ஒருநாள் பொழுதை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். கேளுங்கள். விடிந்ததும் ஜெபம். ஆறிலிருந்து ஏழு மணிவரை தமிழில் ஞான உபதேசம். ஏழிலிருந்து எட்டுவரை முந்தின நாள் படித்த சொற்களையும் சொல்வழக்குகளையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து உச்சி வேளை பன்னிரண்டுவரை தமிழ் நூல்கள் மட்டும். அதுவும் முன்பு வாசித்திராத நூல்களாக இருக்க வேண்டும். அந்த நான்கு மணி நேரமும் ஒருபக்கம் ஒரு புலவர், மறுபக்கம் ஓர் எழுத்தர். புலவர் பாட்டுக்கு உரை சொல்வார். தெரியாத சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதுகூட யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்ட வேண்டும். பிறகு சிறிது ஓய்வு. நம் கடற்கரை ஊர்களின் பங்குனி, சித்திரைப் பிற்பகலை அறிந்தவர்களுக்கு, குளிர்நாட்டில் பிறந்த நோயாளி உடம்பு அந்த வேளையில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி உபதேசம். மூன்றிலிருந்து ஐந்துவரை மறுபடி தமிழ் நூல்கள். மாலையில் ஜெபக்கூட்டம், அன்றன்று நடந்தவற்றைக் கூட இருப்பவர்களோடு பேசுவது. பிறகு விளக்கு வெளிச்சத்தில் கண் உழைக்காது என்பதால் ஒருவரை வைத்து ஏழிலிருந்து எட்டுவரை உரக்க வாசிக்கச் செய்து காதால் கேட்பார். தம் பேச்சுக்கும் எழுத்துக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க நூல்களையே அந்த வேளைக்குத் தேர்ந்தெடுப்பார். ஒரே நூலை நூறு முறைகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டதுண்டு என்கிறார். அதில் தமக்குத் தெரியாத சொல்லோ, தம்மால் எடுத்தாள முடியாத வழக்கோ ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது அவர் எண்ணம்.

முன்வரிசைப் பிள்ளைகளே, இந்த ஒருநாள் கணக்கை நீங்களே கூட்டிப் பாருங்கள். ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர் உபதேசித்த நேரத்தைவிடக் கேட்ட நேரம் அதிகம். அவர் சேர்த்த சொற்கள் இரண்டே ஆண்டில் 20,000 அளவை எட்டின. பின்னால் அது 40,000 அளவுக்குப் போனது.

ஓலைச்சுவடிகளையும் தேடித் தேடி வாங்கினார். 1708-ல் தம்மிடம் உள்ள நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள், ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்ற குறிப்போடு. திருக்குறள் அதில் இருக்கிறது. அதே ஆண்டில் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். நம் பாட்டிமார் வாய்ப்பாடமாகச் சொன்ன வரிகள் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஹாலே நகரத்துக்குக் கப்பலில் போயிருக்கின்றன. தமிழர்கள் நாகரிகமற்றவர்கள் என்று எண்ணியிருந்த ஐரோப்பியருக்கு, இவர்களுடைய மொழியைப் படித்துவிட்டுப் பிறகு பேசுங்கள் என்று எழுதியவர் அவர்.

மறைக்கக் கூடாத ஒன்றையும் இந்த மேடையில் சொல்கிறேன். வந்த தொடக்க ஆண்டுகளில், ஊருக்கு வெளியே நடந்து போனபோது, ஒரு கோயிலருகே இருந்த உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளினார்; சிலவற்றின் தலையை உடைத்தார். அது தவறு. பிறர் கும்பிடும் இடத்தில் கை வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. அதைப் பெருமையாகவே அவர் எழுதியும் இருக்கிறார். ஆனால் அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், இவை தெய்வங்களே இல்லை, தெய்வத்துக்குக் காவல் நிற்கும் வீரர்கள் என்று அவருக்கு விளக்கினார். எதை உடைக்கிறோம் என்றே தெரியாமல் உடைத்திருக்கிறார். பின்னாளில் அதே மனிதர், ஐயனார் யார், மாரியம்மன் யார், எல்லம்மன் யார், பிடாரி யார், அவர்களுக்கு என்னென்ன விழா, என்னென்ன படையல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1713-ல் முடிந்த அந்த நூல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி.

அதற்காகத் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார். 1712 முதல் சில ஆண்டுகள் நடந்த அந்தக் கடிதப் போக்குவரத்தில் அழகப்பனின் கை பெரிது. கிறித்தவ மார்க்கத்தை இந்த ஊர் மக்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்றும் ஒரு கேள்வி கேட்டார். பதில் ஒளிவுமறைவில்லாமல் வந்தது. நீங்கள் பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடித்துக் கூத்தடிக்கிறீர்கள், உங்களிடம் உடல் சுத்தம் இல்லை என்று எழுதினார்கள். அதை அப்படியே ஜெர்மனில் பெயர்த்துத் தம் மேலிடத்துக்கு அனுப்பினார். ஹாலேயில் என்ன சொன்னார்கள் தெரியுமா? உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை வேரறுக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்றார்கள். வம்சாவளி நூல் அச்சேறவில்லை. 1867-ல்தான் சென்னையில் வெளிவந்தது. எழுதியவர் மறைந்து கிட்டத்தட்ட 150 ஆண்டுகள் கழித்து.

தொடக்கம் முதலே கோட்டைக்கும் அவருக்கும் பகை முற்றிக்கொண்டே வந்தது. 1707-ல் அவர் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐவரும் டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமையும் எஜமானரும் ஒரே பந்தியில் நற்கருணை எடுப்பதைக் கோட்டை எப்படிப் பொறுக்கும்? அடுத்த ஆண்டு, கடன் வழக்கில் சிக்கிய ஓர் ஏழை விதவைக்காக அவர் பரிந்து பேசியது பெரிய சச்சரவாக மாறியது. தளபதி அவரைக் கைது செய்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம். கோடை தொடங்கிய பிறகுதான் வெளியே விட்டார்கள். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே வந்து தொடர்ந்து, 1711-ல் முடித்தார்.

இவற்றுக்கு நடுவே பணமுடையும் வாட்டியது. ஐரோப்பாவிலிருந்து நன்கொடைப் பணத்தோடு வந்த ஒரு கப்பல் தரங்கம்பாடிவரை பத்திரமாக வந்தது. பணப் பெட்டி மட்டும் கரைக்குக் கொண்டுவரும்போது கடலில் போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதில் பெண் பிள்ளைகளும் உண்டு. அந்தக் காலத்தில் கடிதம் எழுதி உதவி கேட்டால் பதில் வர ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே!

அச்சகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்தன. அவை பெரிய எழுத்துகளாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. உடனே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதம் செய்யப் பொறையாற்றில் ஓர் ஆலையும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாக வந்தது. அந்தப் பொறையாற்றுச் சாலையில் நாம் இன்றும் பேருந்தில் போய்வருகிறோம்.

அவர் ஐரோப்பா போய்வந்ததை நான் விட்டுவிடலாம். ஆனால் அவரோடு போன மலையப்பனை விட மனம் வரவில்லை. 1714-ல் சீகன்பால்கு கப்பல் ஏறியபோது அந்தத் தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார். கடலில் தமிழ் மறந்துவிடக் கூடாது என்று அவரோடு பேசினார், கடிதங்கள் எழுத வைத்தார், அவர் துணையோடு தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி முடித்தார். அது 1716-ல் ஹாலேயில் அச்சாயிற்று. அந்த நூலின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அது மலையப்பனின் பெயர் இல்லை.

சீகன்பால்கு தம் மனைவி மரியா தொரோத்தியாவோடு திரும்பி வந்தார். 1718-ல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. அதே காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து கடுமையான கடிதங்கள் வந்தன. கட்டடம் எதற்கு, பள்ளி எதற்கு, குடும்பம் எதற்கு, அப்போஸ்தலர்களைப்போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டியதுதானே என்று மேசை முன் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். பல ஆண்டு வெயிலைத் தாங்கிய உடம்பு அந்தச் சொற்களைத் தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் இறந்தார். வயது 36.

பெரியோர்களே, அவருடைய மார்க்கத்தை ஏற்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள், ஏற்காதவர்களும் இருக்கிறீர்கள். கடைசிவரை அவர் தம் சமயத்துக்கு ஆள் சேர்க்கவே உழைத்தார். அதை மூடி மறைத்து அவருக்குப் புகழ் சேர்க்க வேண்டியதில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது நாள்தோறும் எட்டு மணிக்குப் புலவர் முன் உட்கார்ந்த அந்தப் பழக்கம். அந்தப் புலவர் இல்லாமல், மணல் பரப்பிய வாத்தியார் இல்லாமல், அழகப்பன் இல்லாமல், மலையப்பன் இல்லாமல் சீகன்பால்கு என்ற அறிஞர் இல்லை.

தரங்கம்பாடிக்குப் போனால் சீகன்பால்குவுக்கு நினைவுச் சின்னம் உண்டு, அவர் பெயரில் அருங்காட்சியகம் உண்டு. அவருக்குக் கற்பித்தவர்கள் பெயரை எங்கே காட்டுவது? பெயர் கிடைத்தவர்களுக்குப் பெயரோடும், கிடைக்காதவர்களுக்கு 'முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர்', 'ஏடு வாசித்தவர்', 'எழுத்தர்' என்று செய்த வேலையோடும் கடற்கரையில் ஒரு கல் நாட்டக் கேட்கிறேன். அதோடு, அவருடைய கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய அந்தப் பதில் கடிதங்களில் சிலவற்றை இந்த வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் எளிய தமிழில் படிக்கும்படி ஒரு சிறு நூலாகப் போட வேண்டும். பேரூராட்சி மன்றத்தார் முன்னிலையில் இந்த இரண்டையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம்.